ஷூவைக் கழற்றிய பிறகான சில மணி நேரம்

நல்ல தோல் ஷூ வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் கூடவே ஒரு பாலிஷ் டப்பாவும் பிரஷ்ஷும் வாங்கிவிடுகிறார்கள். ஷூ ட்ரீ வாங்குகிறவர்கள் குறைவு. விலை ஒரு காரணம்தான். ஆனால் அது செய்கிற வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பாலிஷ் போட்டால் ஐந்து நிமிடத்தில் பளபளப்பு வந்து நிற்கும். ஷூ ட்ரீயின் பலன் தெரிய ஒன்றிரண்டு வருடங்கள் ஆகும். அப்போதும், அது இல்லாமலே அதே அளவு உழைத்த இன்னொரு ஜோடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முழுதாகப் புரியும். தோல் ஷூவைப் பராமரிக்க ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்று யாராவது என்னிடம் சொன்னால், பாலிஷுக்கு முன்னால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

பார்க்காதவர்களுக்காக: கால்பாதத்தின் வடிவில் செய்த ஒரு கட்டை. முன்பாதி விரல்கள் இருக்கும் இடத்தை நிரப்பும், பின்பாதி குதிகால் இருக்கும் இடத்தில் உட்காரும், நடுவில் ஒரு ஸ்பிரிங்கோ கீலோ இரண்டையும் இணைக்கும். கால் வெளியே வந்ததும் அது இருந்த இடத்தில் இந்தக் கட்டை போகும். செய்ய வேண்டியது இவ்வளவுதான். எந்தக் கட்டை, என்ன அளவு, எப்போது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, ஷூ எப்படி வடிவம் பெறுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஷூ செய்கிறவர்கள் லாஸ்ட் என்ற அச்சுக்கட்டையின் மேல்தான் எல்லாவற்றையும் செய்கிறார்கள். வெட்டித் தைத்த மேல்தோலை ஈரமாக்கி இளக்கி, லாஸ்ட்டின் மேல் போர்த்தி, இழுத்து இழுத்து அடியில் ஆணியோ பசையோ கொண்டு பிடித்து நிறுத்துவார்கள். தோல் அந்த இழுவிசையிலேயே காய வேண்டும். அவசரப்படாத பட்டறைகளில் ஷூ பல நாட்கள் லாஸ்ட்டிலேயே இருக்கும். அப்படிக் காய்ந்தால்தான் முனையின் வளைவும், இடுப்பு என்று சொல்லும் ஷூவின் நடுப்பகுதியின் ஒடுக்கமும் நிலைக்கும்.

இந்த இழுக்கிற வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தையலுக்கு இயந்திரம் வந்துவிட்டது, ஆனால் லாஸ்ட்டில் தோலை இழுத்துப் பொருத்துவது மட்டும் கைவேலையாகவே இருந்தது. கைதேர்ந்த ஒருவரால் ஒரு நாளில் சுமார் 50 ஜோடிதான் முடிக்க முடியும். சுரிநாமில் 1852இல் பிறந்து, அமெரிக்காவின் லின் நகரத்து ஷூ ஆலையில் வேலைக்குச் சேர்ந்த யான் மாட்ஸெலிகர்தான் அந்தக் கையசைவுகளை உற்றுப் பார்த்து ஒரு இயந்திரமாக மாற்றியவர். 1883இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய இயந்திரம் அதே ஒரு நாளில் பல மடங்கு ஜோடிகளைச் செய்து தள்ளியது. ஆறே வருடங்களில், தன் கண்டுபிடிப்பு உலகை மாற்றுவதை முழுதாகப் பார்க்காமலே, அவர் இறந்துபோனார். இன்று நம் காலில் இருக்கிற பெரும்பாலான ஷூக்களின் வடிவத்துக்குப் பின்னால் அவருடைய யோசனை இருக்கிறது. அவ்வளவு பாடுபட்டுக் கொடுத்த வடிவம் அது. லாஸ்ட்டை உருவிய நாளிலிருந்தே ஷூ அதை இழக்கத் தொடங்குகிறது.

ஏன் இழக்கிறது? தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் அடர்ந்த பின்னல். காய்ந்த நிலையில் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். ஈரம் உள்ளே போனால் அந்தப் பிடி தளர்கிறது, இழைகள் நகர்கின்றன. மறுபடி காயும்போது, அந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கின்றனவோ அதே நிலையில் பிடித்துக்கொள்கின்றன. பட்டறையில் லாஸ்ட்டின் மேல் நடந்தது இதுதான். நம் வீட்டில் ஒவ்வொரு இரவும் நடப்பதும் இதேதான்.

மனிதனின் இரண்டு பாதங்களிலும் சேர்த்து சுமார் 2,50,000 வியர்வைச் சுரப்பிகள் இருப்பதாகச் சொல்வார்கள். உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் உள்ளங்காலும் ஒன்று. எட்டு பத்து மணி நேரம் மூடிய ஷூவுக்குள் இருந்த கால், ஷூவின் உள்ளுறையான லைனிங்கையும் உள்ளங்காலுக்கு அடியில் இருக்கும் இன்சோலையும் ஈரமாக்கிவிடுகிறது. கூடவே உடம்பின் சூடு. ஈரமும் சூடும் சேர்ந்த தோல், லாஸ்ட்டில் இழுக்கத் தயாரான தோல் போலவே இளகியிருக்கும். நடக்கும்போது விரல்களின் அடிப்பகுதியில் கால் மடங்குகிறது, தோலும் அதே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மடங்குகிறது. ஷூவைக் கழற்றியதும் உள்ளே தாங்க ஒன்றும் இல்லாததால் மடிப்பு மடிப்பாகவே நின்றுவிடுகிறது. ஈரத்துணியைச் சுருட்டிப் போட்டுக் காயவிட்டால் சுருக்கம் அப்படியே நிற்கும் அல்லவா, அதேதான்.

அடிப்பகுதிக்கும் இதே கதை. தோலால் ஆன சோல், இன்சோல் இரண்டும் நாள் முழுக்க வளைந்து வளைந்து பழகியவை. ஈரத்தோடு விட்டால் காயும்போது முனை மேல்நோக்கி எழும்பிவிடும். நீண்ட நாள் உழைத்த ஷூ ஒன்றைப் பக்கவாட்டில் பார்த்தால், முனை வானத்தைப் பார்த்துக்கொண்டு, நடுவில் தொய்ந்து, படகு போல ஆகியிருக்கும். முனை சற்றே உயர்ந்திருப்பது ஷூவின் வடிவமைப்பிலேயே உண்டு, நடக்க அது வேண்டும். நான் சொல்வது அதற்கு மேல் வளைவதை. என்னைக் கேட்டால், ஷூ ட்ரீ செய்கிற வேலைகளில் சோலை நேராக வைப்பதுதான் முதலாவது. மேல்தோலின் மடிப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சோல் சுருண்டால் மேல்தோலும் அதோடு சேர்ந்து நெருங்கி மடிகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை.

மடிப்பு தோற்றத்துக்கு மட்டும் கேடு என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். ஷூ பழகப் பழகச் சில மடிப்புகள் வருவது இயல்பு, அழகும்கூட. ஆனால் ஆழமான மடிப்பு ஒரு பள்ளம். அதில் புழுதி தங்குகிறது. புழுதியில் இருக்கும் நுண்மணல், ஒவ்வோர் அடியிலும் தோலை அரம் மாதிரி தேய்க்கிறது. வியர்வையின் உப்பும் அங்கேதான் வந்து சேர்கிறது. பாலிஷும் க்ரீமும் பள்ளத்தின் அடிவரை போவதில்லை, அதனால் அந்த இடம் மட்டும் எண்ணெய்ப்பசை இழந்து வறண்டுபோகிறது. வறண்ட இழைகள் ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப மடங்கினால் அறுந்துவிடும். வெடிப்பு இப்படித்தான் வருகிறது. சோல் தேய்ந்தால் மாற்றலாம், ஹீல் தேய்ந்தால் மாற்றலாம், லேஸை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மேல்தோல் வெடித்துவிட்டால் அந்த ஷூ முடிந்தது.

சரி, ஷூ ட்ரீ போட்டால் மடிப்பே வராதா? வரும். இதை நேராகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விற்கிறவர்கள் சிலர் மடிப்பை மாயமாக்கிவிடும் என்று சொல்கிறார்கள். கால் மடங்குகிற இடத்தில் தோல் மடங்கித்தான் ஆக வேண்டும். அது எந்த அளவுக்கு ஆழமாகிறது, காயும்போது விரிந்து காய்கிறதா மடங்கிக் காய்கிறதா என்பதை மட்டும்தான் கட்டை தீர்மானிக்கும். ஏற்கனவே வந்த வெடிப்பை அது மூடாது. தோலின் மேல் தடித்த பிளாஸ்டிக் போன்ற பூச்சு போட்டுப் பளபளக்க வைத்த ஷூக்கள் இருக்கின்றனவே, அவற்றில் வெடிப்பது பூச்சு. அதைக் கட்டை தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது. குதிரையின் பின்புறத்திலிருந்து எடுக்கிற கார்டவன் தோல் இன்னொரு விதம். அது கூர்மையாக மடியாமல் பெரிய அலைகளாகச் சுருள்கிறது. அந்த அலையைக் கட்டை தட்டையாக்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் சோலை நேராக வைக்கும், அதற்காகவே அதிலும் போடலாம்.

அடுத்து, எப்போது போடுவது. இரண்டு கட்சிகள் உண்டு. கழற்றியவுடனே போடு என்பது ஒன்று. ஒரு மணி நேரம் காற்றாட விட்டு அப்புறம் போடு என்பது இன்னொன்று. இரண்டாவது கட்சியின் வாதம், கட்டை உள்ளே போனால் காற்றோட்டம் குறைந்து ஈரம் தங்கிவிடும் என்பது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் முதல் கட்சி. தோல் சூடாகவும் இளகியும் இருக்கிற நேரம் கழற்றிய முதல் சில நிமிடங்கள்தான். அப்போது போட்டால் லேசான அழுத்தமே போதும், மடிப்பு தானாக விரிந்து கொடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் போனால் தோல் பாதி முடிவெடுத்துவிட்டிருக்கும், கட்டை அதை வலுக்கட்டாயமாக இழுக்க வேண்டியிருக்கும். காற்றோட்டம் வேண்டும் என்பதற்கு விடை, முன்பாதி நடுவில் பிளந்த, அடியில் பள்ளம் விட்ட கட்டையைத் தேர்ந்தெடுப்பது. நாக்கையும் லேஸையும் நன்றாகத் தளர்த்தி வைப்பதும் உதவும். மழையில் ஊறிய ஷூவுக்கு மட்டும் இது பொருந்தாது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

மரம் ஈரத்தை உறிஞ்சுமா என்பது இதை ஒட்டி வரும் கேள்வி. உறிஞ்சும். எவ்வளவு என்பதைக் கொஞ்சம் கணக்காகப் பார்க்கலாம். எந்த மரமும் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தண்ணீரை ஏற்கவும் விடவும் செய்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கும் அறையில் மரத்தில் அதன் உலர் எடையில் சுமார் 9 சதவீதம் தண்ணீர் இருக்கும். 80 சதவீத ஈரத்தில் அது சுமார் 16 சதவீதமாகும். ஒரு ஜோடிக் கட்டையில் 300 கிராம் மரம் இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த வித்தியாசம் 20 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மரம் முழுக்க ஊறி நிலைபெற்ற பிறகான கணக்கு. ஒரே இரவில் மேற்பரப்பில் மெல்லிய ஒரு அடுக்குதான் வேலை செய்யும். அந்தக் கட்டையும் ஷூவை எல்லா இடத்திலும் தொடுவதில்லை. ஆகவே உறிஞ்சுவது உண்மை, உதவியும்கூட, ஆனால் ஷூ காய்வதற்கு முக்கியக் காரணம் அறையின் காற்றும் அடுத்த நாள் அதைப் போடாமல் விடுவதும்தான். கட்டையின் வேலை, காய்கிற நேரத்தில் வடிவத்தைப் பிடித்துக்கொள்வது.

இதைச் சொல்லிவிட்டால் சீடர் மரத்தைப் பற்றிய பேச்சும் எளிதாகிவிடும். ஷூ ட்ரீக்களில் அதிகம் புகழ்பெற்றது அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் செஞ்சீடர். தாவரவியல்படி அது சீடரே இல்லை, ஜூனிபர் வகை. ஜூனிபெரஸ் வர்ஜினியானா என்பது பெயர். ஒரு காலத்தில் பென்சில்கள் பெரும்பாலும் இந்த மரத்தில்தான் செய்யப்பட்டன. அதனால் பழைய பென்சிலைச் சீவிய வாசனை தெரிந்தவர்களுக்கு இந்த வாசனையும் தெரியும். மரத்தில் இருக்கும் செட்ரால் போன்ற எண்ணெய்ப் பொருட்கள்தான் அந்த மணம். மரம் இலகுவானது, பூச்சு இல்லாமல் விற்கிறார்கள், ஈரத்தை நன்றாக வாங்கிக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த மரம் இது. ஷூ அலமாரியைத் திறந்ததும் அந்த மணம் வருவது ஒரு சந்தோஷம்.

ஆனால் அது நாற்றத்தைப் போக்கும் மருந்து அல்ல. ஷூ நாறுவதற்குக் காரணம் வியர்வை நேரடியாக இல்லை. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் வியர்வையில் உள்ள லூசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்து ஐசோவலெரிக் அமிலமாக்குகின்றன. பாலாடைக்கட்டியை நினைவூட்டும் அந்த வீச்சம் அதுதான். பாக்டீரியா பெருக ஈரம் வேண்டும். ஷூ முழுதாகக் காய்ந்தால் பெருக்கம் குறையும், வீச்சமும் குறையும். சீடர் மணம் மிச்சத்தை மறைக்கும். தினமும் ஒரே ஷூவைப் போட்டுக்கொண்டு, அதைச் சீடர் காப்பாற்றும் என்று நம்புவது வீண்.

பீச், லிண்டன், பிர்ச் போன்ற மரங்களிலும் கட்டைகள் வருகின்றன. பீச் கனமானது, உறுதியானது, நுட்பமாகக் கடைய ஏற்றது. ஐரோப்பிய ஷூ நிறுவனங்கள் தங்கள் லாஸ்ட்டுக்கு ஏற்றபடி செய்து தரும் கட்டைகள் பல இப்படி வார்னிஷ் பூசிய மரத்தில்தான் இருக்கும். வார்னிஷ் பூசினால் ஈரம் உள்ளே போவது குறையும் என்பது உண்மை. அதற்காக அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. உங்கள் ஷூவின் உள்வடிவத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிற வார்னிஷ் கட்டை ஒன்று, பொருந்தாத சீடர் கட்டையைவிட எவ்வளவோ மேல். பிளாஸ்டிக் கட்டைகூட, அகலமாகவும் சரியான வடிவத்திலும் இருந்தால், ஒன்றுமில்லாததைவிட நல்லது. பயணத்துக்கு எடை இல்லாமல் எடுத்துப்போக நான் பிளாஸ்டிக்தான் வைத்திருக்கிறேன். வாங்கும்போது சீடர் கட்டையில் முடிச்சுகள் இருந்தால் மட்டும் கவனியுங்கள். முடிச்சிலிருந்து பிசின் கசிந்து வெளிர்நிற லைனிங்கில் கறை விடலாம்.

மரத்தைவிட முக்கியம் கட்டையின் அமைப்பு. அங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

மலிவாகக் கிடைப்பது, முன்னால் ஒரு சிறு கட்டை, பின்னால் ஒரு குமிழ், இரண்டுக்கும் நடுவில் வளைத்துச் செருகுகிற நீண்ட ஸ்பிரிங் கம்பி. இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. வளைந்த ஸ்பிரிங் நிமிரத் துடித்துக்கொண்டே இருக்கும், அதன் முழு பலமும் குமிழின் வழியாகக் குதிகாலின் பின்புறத்தில் ஒரே புள்ளியில் போய் விழும். ஷூவின் பின்பக்கத்துக்குள் கவுண்டர் என்ற கெட்டியான துண்டு இருக்கிறது, குதிகாலை இறுகப் பிடிப்பது அதுதான். மாதக்கணக்கில் ஒரே புள்ளியில் குத்தினால் அங்கே ஒரு புடைப்பு வரும், ஷூவின் வாய் அகன்றுவிடும், அப்புறம் நடக்கும்போது குதிகால் வழுக்கும். முன்கட்டையும் சிறியது என்பதால் மடிப்பு விழும் இடத்தை அது தொடுவதே இல்லை. வேண்டிய இடத்தில் அழுத்தம் இல்லை, வேண்டாத இடத்தில் அதிகம்.

அடுத்தது ஒற்றைக் குழாய் அல்லது இரட்டைக் குழாய் வகை. குழாய்க்குள் ஸ்பிரிங் இருக்கும், நீளத்தில் அழுந்திக் கொடுக்கும். இரட்டைக் குழாய் வகையில் கட்டை முறுக்கிக்கொள்ளாது, அழுத்தமும் சீராகப் பரவும். முன்பாதி இரண்டாகப் பிளந்து, நடுவில் ஸ்பிரிங்கோடு அகலத்திலும் விரியும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். பிளவு முனையின் நட்டநடுவில் இருக்கும் வகையும் உண்டு, சிறுவிரல் பக்கம் மட்டும் ஒரு துண்டு விலகும் வகையும் உண்டு. இரண்டாவது, பாதத்தின் இயல்பான வடிவத்துக்கு நெருக்கமானது. பின்பாதியைப் பார்க்கும்போது, அது குமிழாக இல்லாமல் குதிகாலின் அகலத்துக்கு முழுதாக உருண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆக்ஸ்ஃபர்டு, டெர்பி போன்ற அன்றாடம் போடுகிற லேஸ் ஷூக்களுக்கு இந்த வகை தாராளமாகப் போதும்.

மேல்தட்டில் இரண்டு வகை. கீல் வைத்த கட்டையில் ஸ்பிரிங்கே இல்லை. மடக்கி உள்ளே விட்டு, பின்பாதியைக் கீழே அழுத்தினால் கட்டை நேராகி அதன் நீளத்திலேயே நிற்கும். தொடர்ந்து தள்ளுகிற விசை இல்லாததால் ஷூ தன் அளவைத் தாண்டி நீளாது. ஆனால் அளவு மிகச் சரியாக இருக்க வேண்டும், விட்டுக்கொடுக்க அதில் ஒன்றும் இல்லை. மூன்று துண்டுக் கட்டையில் முன்பாதி, பின்பாதி, நடுவில் கடைசியாகச் செருகுகிற ஆப்பு என்று வரும். கையால் அளந்து செய்யும் ஷூக்களுக்கு, அதே லாஸ்ட்டைப் பார்த்து இப்படிச் செய்துதருவார்கள். ஷூவின் இடுப்புவரை நிரப்புவதால் இதற்கு இணையில்லை. எல்லோருக்கும் தேவையா என்றால், தேவையில்லை.

அளவு விஷயத்தில் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் 6.67 மில்லிமீட்டர் வித்தியாசம். ஆங்கில அளவில் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர். கட்டைகளோ 42–43 என்று இரண்டு எண்ணுக்கு ஒன்றாக, இல்லையென்றால் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்றே அளவாக வருகின்றன. நீளத்தின் வித்தியாசத்தை ஸ்பிரிங் சமாளித்துவிடும். அகலத்தையும் மேல்பாதத்தின் உயரத்தையும் அது சமாளிக்காது. ஒரே எண் போட்ட இரண்டு ஷூக்களில் ஒன்று நீண்டு ஒடுங்கிய லாஸ்ட்டிலும் மற்றொன்று குட்டையாக உருண்ட லாஸ்ட்டிலும் செய்யப்பட்டிருக்கலாம். அதனால் முடிந்தால் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

போட்டுப் பார்க்கும்போது என்ன பார்ப்பது? லேஸை முழுக்கத் தளர்த்திக் கட்டையைச் செருகியதும், முதலில் மடிப்பு விழும் இடத்தை விரலால் தடவுங்கள். தோல் விரிந்து, ஆனால் முரசுத்தோல் போல விறைக்காமல் இருக்க வேண்டும். முன்கட்டை முனைவரை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முனையில் வெற்றிடம் இருந்து நடுவில் அடைத்துக்கொண்டால் கட்டையின் வடிவம் ஷூவுக்கு ஒவ்வாதது. உருண்ட முனை ஷூவுக்குக் கூரிய கட்டையும், கூரிய முனைக்கு உருண்ட கட்டையும் சேராது. அடுத்து ஷூவைப் பின்பக்கமாகத் திருப்பிக் குதிகாலின் நடுத்தையலைப் பாருங்கள். அது நேராக இருந்தால் சரி, பின்னால் பிதுங்கினால் ஸ்பிரிங் அதிகம் அல்லது கட்டை நீளம். பக்கவாட்டில் கணுக்காலுக்குக் கீழே ஷூவின் வாய் காதுபோல விரிந்து நிற்கக் கூடாது. கடைசியாக, ஸ்பிரிங் முழுக்க அழுந்திப்போய் இன்னும் நகர இடமில்லாமல் இருந்தால் ஓர் அளவு சின்னது எடுங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் தடுமாறினால் எப்போதும் சிறியதே பாதுகாப்பு. சிறிய கட்டை வேலையைக் கொஞ்சம் குறைவாகச் செய்யும். பெரிய கட்டை ஷூவின் அளவையே மாற்றிவிடும், அதைத் திருப்ப வழியில்லை.

செருகுவதிலும் ஒரு முறை உண்டு. முன்பாதியைச் சற்றுச் சாய்த்து உள்ளே விட்டு முனைவரை தள்ளி, பின்பாதியை முன்னோக்கி அழுத்தி ஸ்பிரிங்கைக் குறுக்கி, அப்புறம் குதிகாலுக்குள் மெல்ல இறக்க வேண்டும். கவுண்டரின் விளிம்பை மரம் உரசிக்கொண்டு இறங்கக் கூடாது, லைனிங் முதலில் கிழிவது அந்த விளிம்பில்தான். எடுக்கும்போதும் அதே வழி திரும்ப: முன்னால் அழுத்தி, மேலே தூக்கி, பிறகு வெளியே. குமிழைப் பிடித்து நேராகப் பின்னால் இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுடைய ஷூவின் பின்விளிம்பு சீக்கிரம் நைந்துபோகிறது.

லோஃபருக்குத் தனிக் கவனம் தேவை. லேஸ் இல்லாத ஷூ அது. மேல்பாதத்தையும் குதிகாலையும் தோலின் இறுக்கம் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆக்ஸ்ஃபர்டில் தோல் கொஞ்சம் தளர்ந்தால் லேஸை இழுத்துக் கட்டிவிடலாம். லோஃபரில் தளர்ந்தால் தளர்ந்ததுதான், ஒவ்வோர் அடியிலும் கழன்று கழன்று வரும். அதனால் ஸ்பிரிங் மென்மையாக இருக்கிற, மேல்பாதம் தாழ்ந்த கட்டையே போட வேண்டும். லோஃபருக்கென்றே அப்படிச் செய்கிறார்கள். கிடைக்காவிட்டால் ஓர் அளவு சின்னது, அதுவும் ஓரிரவு மட்டும். உள்ளே லைனிங் இல்லாத மென்மையான மொக்கேசினுக்கு நான் கட்டையே போடுவதில்லை, சுருட்டிய காகிதம் போதும்.

கணுக்கால்வரை வரும் பூட்ஸுக்கு, அதே கட்டையில் பிடி உயரமாக இருக்கும் வகை வசதி, இல்லாவிட்டால் எடுப்பது பெரும்பாடு. நெடிய பூட்ஸில் பாதத்துக்குப் போடுகிற கட்டையோடு, தண்டுப் பகுதி சாய்ந்து மடியாமல் இருக்க அதற்குத் தனியாக ஏதாவது வேண்டும். மேற்பரப்பில் மென்மயிர் எழுந்து நிற்கும் ஸ்வேடு தோலுக்கும் கட்டை உண்டு. அதில் மடிப்பு அவ்வளவு தெரியாது, ஆனால் மடிந்த இடத்தில் மயிர் நசுங்கிப் பளபளக்கத் தொடங்கும். கட்டை போட்டு விரித்து வைத்துப் பிரஷ் செய்தால் மறுபடி எழும்.

இத்தனை ஷூவுக்கும் இத்தனை ஜோடிக் கட்டையா என்று மலைக்க வேண்டாம். ஷூ ஈரமாக இருக்கிற முதல் 24 மணி நேரத்துக்குத்தான் கட்டை கட்டாயம். முழுக்கக் காய்ந்த ஷூ தன் வடிவத்தைத் தானே காத்துக்கொள்ளும். அன்று போட்ட ஷூவிலிருந்து மறுநாள் கழற்றுகிற ஷூவுக்குக் கட்டையை மாற்றிக்கொண்டே வந்தால், ஒரே லாஸ்ட்டில் செய்த மூன்று நான்கு ஷூக்களுக்கு ஒரு ஜோடி போதும். எல்லா ஷூவிலும் நிரந்தரமாகக் கட்டை இருப்பது அழகு, ஆனால் அவசியம் அல்ல. அந்தப் பணத்தில் இன்னொரு ஜோடி ஷூ வாங்கி முறைவைத்துப் போட்டால் இரண்டு ஜோடியும் கூடுதல் காலம் உழைக்கும்.

மழையில் நனைந்து ஊறிய ஷூவுக்கு வருகிறேன். அதற்குள் உடனே மரக்கட்டையைத் திணிக்காதீர்கள். முதலில் வெளியே துடைத்து, அச்சடிக்காத காகிதத்தைக் கசக்கி முனைவரை நிரப்புங்கள். நாளிதழ் நன்றாக உறிஞ்சும், ஆனால் மை வெளிர் லைனிங்கில் ஒட்டலாம். காகிதம் ஈரமானதும் மாற்றுங்கள், இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டிவரும். சொட்டச் சொட்ட இருந்த நிலை போய் ஈரப்பதம் மட்டும் மிஞ்சியதும் கட்டையைப் போடுங்கள். தோல் சோல் என்றால் ஷூவைப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள், சோலுக்கும் காற்று வேண்டும். ஹீட்டர், ஹேர் டிரையர், சுள்ளென்ற வெயில் மூன்றும் கூடாது. மேல்தோல் பெரும்பாலும் குரோமியத்தில் பதனிட்டது, சூட்டைக் கொஞ்சம் தாங்கும். இன்சோலும் தோல் சோலும் பொதுவாக மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டவை. அவை ஈரமாக இருக்கும்போது 70, 80 டிகிரிச் சூடு பட்டால் இழைகள் நிரந்தரமாகச் சுருங்கிவிடும். ஹேர் டிரையரின் வாய்க்கு அருகில் அந்தச் சூடு எளிதாக வந்துவிடுகிறது. வெளியே ஷூ நன்றாகத்தான் தெரியும், உள்ளே இன்சோல் வறண்டு விரிசல் விட்டிருக்கும்.

பாலிஷ் போடும்போதும் கட்டை உள்ளே இருக்கட்டும். கை வைத்து அழுத்த உறுதியான தளம் கிடைக்கிறது என்பது ஒன்று. மடிப்புகள் விரிந்திருப்பதால் பள்ளத்தில் இருக்கும் புழுதி பிரஷ்ஷுக்கு அகப்படும், க்ரீம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். கட்டை இல்லாமல் பாலிஷ் போட்டால் மடிப்பின் மேடுகளில் மெழுகு ஏறி, பள்ளங்கள் அப்படியே வறண்டு கிடக்கும். சிலர் போடும் பளபளப்பு இரண்டே நாளில் மடிப்போரமாக வெள்ளையாக உதிர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டைக்கும் பராமரிப்பு உண்டு. ஈரத்தை வாங்கிய மரம் அதைத் திருப்பி விட வேண்டும், அதனால் ஷூவிலிருந்து எடுத்ததும் அடுத்த ஷூவில் செருகாமல் சில மணி நேரம் வெளியில் வையுங்கள். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் மரத்தின் மேல் பூஞ்சை தெரிந்தால் துடைத்து, நன்றாக உலர்த்திய பிறகே மறுபடி போட வேண்டும். மரம் இழையின் குறுக்கே மட்டும்தான் கணிசமாக உப்பும், நீளத்தில் இல்லை. வாங்கும்போதே அகலத்தில் இறுக்கமாக இருந்த கட்டை ஈரமான நாட்களில் இன்னும் இறுகும் என்பதையும் அளவு பார்க்கும்போது நினைவில் வையுங்கள். சீடரின் மணம் குறைந்துவிட்டால் மரம் செத்துவிட்டது என்று பொருளில்லை. மேற்பரப்பில் இருந்த எண்ணெய் ஆவியாகிவிட்டது, உள்ளே இன்னும் இருக்கிறது. நுண்மையான மணல்தாளால் லேசாகத் தேய்த்து, தூளைச் சுத்தமாகத் துடைத்தால் மணமும் திரும்பும், அழுக்கேறி அடைந்த நுண்துளைகளும் திறக்கும். ஸ்பிரிங்கிலோ திருகிலோ துரு தெரிந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். வெளிர் லைனிங்கில் ஏறிய துருக்கறை போவதில்லை.